கடைசிப் பல்லவியில் இடியைக் காணோம்

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். யார் யார், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது தபால் சாரின் நோட்டுப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது:

ஒன்று: ஒலிப்பதிவாளர், கம்ப்யூட்டருக்கு முன்னால். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வதால் எல்லாரும் ‘காது’ என்று கூப்பிடுவார்கள்.

இரண்டு: இசையமைப்பாளர், காதுக்குப் பின்னால், நின்றபடி. தன் பாட்டை அவர் உட்கார்ந்து கேட்டதில்லை.

மூன்று: மேலாளர், சுழல் நாற்காலியில். கையில் இரண்டு போன்.

நான்கு: மின்னல், நீள சோபாவின் இடது ஓரம். மடியில் கைப்பை.

ஐந்து: இடி, அதே சோபாவின் வலது ஓரம். கையில் வெந்நீர்க் குவளை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது உட்கார்ந்திருந்தார்.

ஆறு: நான், கதவோரம், முக்காலியில்.

இதற்குக் கீழே ஒரு வரி: ‘நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.’

தபால் சாரின் வேலை ரசிகர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. மின்னல்–இடி ஜோடிக்கு வந்த கடிதங்களுக்கு மட்டும் பத்தொன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் கடைசி ஒன்பது வருஷம் ஒரே கேள்விக்குப் பதில்: ‘மறுபடியும் எப்போது சேர்ந்து பாடுவார்கள்?’ ‘விரைவில்’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லே தேய்ந்துபோயிருந்தது.

மின்னலின் அண்ணன் மனைவி இடி. நடனப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர், நாத்தனாரோடு சேர்ந்து பாட வந்தார். கணீரென்று முதலில் வருவது நாத்தனாரின் குரல்; அதன் பின்னால் உருண்டு வருவது அண்ணியின் குரல். பெயர்கள் ரசிகர்கள் வைத்தவை. ஒன்பது வருஷத்துக்கு முன் அண்ணன் மனைவியைப் பிரிந்தார். விவாகரத்து வழக்கு நடந்த நாளில் மின்னல் அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாட்டு இல்லை, பேச்சும் இல்லை.

இப்போது ‘இன்னொரு சுற்று’ என்று ஒரு ஆட்டப் பாட்டு. சேர்ந்து பாடினார்கள் என்பது பெயருக்குத்தான். ஒருவர் செவ்வாய்க்கிழமை வந்தால் மற்றவர் வியாழக்கிழமை வந்தார். அந்த ஏற்பாட்டுக்கான கடிதங்களையும், மேலாளர் சொல்லச் சொல்ல, தபால் சார்தான் எழுதினார். பாட்டு அன்று மாலை ஆறு மணிக்குள் வெளியீட்டுக்குப் போயாக வேண்டும். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தது அன்றுதான்.

பிற்பகல் 2.10.

காது பாட்டை ஓடவிட்டார். முதல் பல்லவியில் மின்னல் “வர்றியா?” என்று கேட்க, இடி “வர்றேன்” என்றார். மேலாளரின் கால் தரையில் தட்டியது. சரணம் போனது. கடைசிப் பல்லவி வந்தது.

“வர்றியா?” என்று கேட்டது மின்னலின் குரல்.

பதில் இல்லை. மேளமும் கீபோர்டும் மட்டும் ஓடின.

“வர்றியா?”

நாலு தடவை கேட்டது. நாலு தடவையும் பதில் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. பாட்டு முடிந்தது. காதின் முகத்தில் ஈயாடவில்லை.

“நேத்து சாயங்காலம் இருந்துச்சு சார். ‘வந்துட்டேன்’னு நாலு தடவை. என் காதால கேட்டேன்.”

“இப்ப எங்க?” என்றார் மேலாளர்.

காது தேடினார். பாட்டிலிருந்து வெட்டியது மட்டுமல்ல, மூலப் பதிவையும் அடியோடு அழித்திருந்தார்கள். “மதியம் பன்னிரண்டே முக்கால் வரைக்கும் நான் இதே நாற்காலிலதான் இருந்தேன். அதுக்கப்புறம்தான் நடந்திருக்கு.”

“இன்னொரு பிரதி?”

“நேத்து எடுக்கல சார்.”

“ஏன்?”

“நேரமாயிடுச்சு. பொண்ணோட பள்ளிக்கூடத்துல விழா.”

“ஆறு மணிக்கு முடிஞ்ச வேலை. விழா ஏழு மணிக்குன்னு நீயே சொன்னியே. நடுவுல ஒரு மணி நேரம் என்ன பண்ணின?”

காது தலை குனிந்துகொண்டார். 

முதல் பல்லவியிலிருந்து எடுத்து ஒட்டலாமே என்றார் மேலாளர். இசையமைப்பாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். “கடைசிப் பல்லவி சுருதியில ஒரு படி மேல. வார்த்தையும் வேற. முதல்ல ‘வர்றேன்’, கடைசில ‘வந்துட்டேன்’. பாட்டே அதுக்குத்தான்.”

“சரி, மேடம், உள்ள போய் அதை மட்டும் திரும்பப் பாடிடுங்க. பத்து நிமிஷ வேலை.”

இடி குவளையிலிருந்து ஒரு வாய் குடித்தார். “முடியாது.”

“ஏன்?”

“தொண்டை சரியில்ல.”

மின்னல் அப்போதுதான் முதல் தடவையாகச் சோபாவின் மறுகோடியைத் திரும்பிப் பார்த்தார்.

2.25.

மேலாளர் தபால் சாரை வெளியே அழைத்தார். “தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்க. ஒலிப்பதிவாளரின் அலட்சியத்தால பாட்டு தாமதம், அவரை இன்றே வேலையிலிருந்து நீக்குகிறோம்னு.”

“யார் அழிச்சாங்கன்னு தெரியணுமே சார்.”

“பிரதி எடுக்காதது அவன். நேத்து என்ன பண்ணினான்னு கேட்டா வாயைத் திறக்கல. வேற என்ன வேணும்?”

“இடம், தேதி, பொருள் மூணையும் எழுதிட்டு, விஷயத்தைப் பொய்யா எழுத என் வாத்தியார் சொல்லிக்கொடுக்கல சார். நாலு மணி வரைக்கும் அவகாசம் குடுங்க.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல. அவன் பதினொரு வருஷம் இங்க இருந்தது எனக்கும் தெரியும். ஆனா பாட்டு போகலைன்னா யாராவது ஒருத்தர் போகணும்.”

2.35. காது.

“மதியம் பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒண்ணே முக்கால் வரைக்கும்?”

“ஸ்டோர் ரூம்ல படுத்திருந்தேன். தனியாதான்.”

“கூடத்தைப் பூட்டினீங்களா?”

“பூட்டே கிடையாது சார். இசையமைப்பாளரும் மேலாளரும் கேன்டீன்ல ஒண்ணா சாப்பிட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சாட்சி. நமக்குத்தான் யாரும் இல்ல.”

“அடியோட அழிக்கிற வழி யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும். போன வாரம் இடி மேடம் தான் சொதப்பின ஒரு பதிவை யாரும் கேட்கக் கூடாதுன்னு அழிக்கச் சொன்னாங்க. மேலாளரும் இசையமைப்பாளரும் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. மின்னல் மேடத்துக்கு அதுக்கு முன்னாடியே ஒரு தடவை காட்டியிருக்கேன். ஒரு பட்டன், அப்புறம் இன்னொண்ணு. கத்துக்கிறதுக்கு ஒரு வருஷம் வேணுமா?”

தபால் சார் பாடும் அறையின் கண்ணாடியைப் பார்த்தார். நடுவில் ஒற்றை மைக்.

“அது பொல்லாத மைக் சார்,” என்றார் காது, பேச்சு வேறு பக்கம் போனதில் சற்று நிம்மதியாகி. “வயித்துல பசி கத்தினாக்கூடப் பிடிச்சிடும். மின்னல் மேடம் செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போவாங்க. இடி மேடம் வளையலை எல்லாம் கழட்டிக் கைக்குட்டையில முடிஞ்சு வெச்சிடுவாங்க. இல்லைன்னா பாட்டு பூரா கலகலன்னு கேட்கும்.”

“நேத்து அந்த ஒரு மணி நேரம்?”

“அதை மட்டும் கேட்காதீங்க சார். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

2.55. மின்னல்.

“மதியம் எங்க இருந்தீங்க?”

“மேக்கப் அறையில. தூங்கலாம்னு.”

“தூங்கினீங்களா?”

“கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். ரெண்டும் ஒண்ணு இல்லையே.”

“அவங்க குரல் போனதுல உங்களுக்கு...”

“இந்தப் பாட்டுல எனக்குப் பிடிச்சதே அந்த ஒரு வார்த்தைதான் சார்.”

தபால் சார் பேனாவை நிறுத்தினார். “அதை நீங்க எப்பக் கேட்டீங்க? நேத்து சாயங்காலம் பதிவானது. நீங்க நேத்து இங்க வரவே இல்லையே.”

மின்னல் கைப்பையின் பட்டையைச் சுருட்டினார், விரித்தார். “நேத்து காதுக்குப் போன் பண்ணினேன். ஸ்பீக்கர் பக்கத்துல போனைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு தடவைன்னுதான் கேட்டேன். அப்புறம் இன்னொரு தடவை. அவர் பொறுமையா போட்டுக்கிட்டே இருந்தார். ஒரு மணி நேரம் இருக்கும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.”

“அதனாலதான் அவர் பிரதி எடுக்கல.”

“அதைத்தான் இங்க உட்கார்ந்து நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

“அவ்வளவு ஆசைன்னா நேர்லயே கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே.”

“என்னன்னு கூப்பிடறது சார்? அண்ணனே விட்டுட்டுப் போனப்புறம் எந்த உரிமையில அண்ணின்னு கூப்பிடறது? பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்ல. மேடம்னு கூப்பிட நாக்கு வரல. கூப்பிட வார்த்தை இல்லாமலே ஒன்பது வருஷம் ஓடிடுச்சு.”

பிறகு அவரே சொன்னார்: “தனியாப் பாடணும்னு அவங்கதானே கேட்டாங்க. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலைன்னா நான் எப்படிப் போய் நிக்கிறது?”

தபால் சார் அதை எழுதிக்கொண்டார். எழுதியதன் அடியில் கோடு போட்டார்.

3.10. இடி.

“மதியம்?”

“மாடிப்படியில உட்கார்ந்திருந்தேன்.”

“தனியாவா?”

“ஒன்பது வருஷமா தனியாதான் இருக்கேன் தபால். படிக்கட்டுக்கு மட்டும் துணைக்கு ஆளா?”

“தொண்டைக்கு என்ன?”

“தொண்டைக்கு என்ன, வயசுதான்.”

“காதை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. தெரியுமா?”

இடி குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே வெந்நீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

3.30.

தபால் சார் காதிடம் கேட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டார். குரல் எங்கே போகிறது என்று கவனித்தார். கடைசிப் பல்லவி தொடங்கும் இடத்தில் அது போகவில்லை. அதற்கும் சற்று முன்னால், சரணத்தின் கடைசி வரியை இடி பாடிக்கொண்டிருக்கும்போதே, சொல் பாதியில் அறுந்திருந்தது.

“யாரோ தெரியாத்தனமா வெட்டியிருக்காங்க,” என்றார் காது. “நானா இருந்தா மூச்சு விடற இடத்துல வெட்டுவேன். இசையமைப்பாளர் பல்லவியோட முதல் அடியில வெட்டுவார். சொல்லுக்கு நடுவுல எவனாவது வெட்டுவானா?”

தபால் சார் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்த முறை காலால் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மறுபடி ஓடவிட்டு எண்ணினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரமாயிற்று.

அதன்பின் எழுந்து தன் அறைக்குப் போய் ஒரு கோப்பை எடுத்துவந்தார்.

3.50.

அறுவரும் பழைய இடங்களிலேயே இருந்தார்கள். இசையமைப்பாளர் நின்றுகொண்டிருந்தார்.

“முதல்ல வெட்டு,” என்றார் தபால் சார். “பல்லவிக்கு நாலு அடி முன்னாடி விழுந்திருக்கு. முன்ன பின்ன இல்ல, சரியா நாலு. தெரியாத்தனமா வெட்டினா அது இப்படிக் கணக்கா விழாது. இந்த ஜோடியோட ஆட்டத்தை எப்படிப் பழகறதுன்னு கேட்டு வந்த கடிதங்களுக்கு நான் ஆயிரம் தடவையாவது ஒரே பதில் எழுதியிருக்கேன். ‘எட்டு எட்டாக எண்ணுங்கள். பல்லவிக்குள் நுழையும்போது ஐந்திலிருந்து எண்ணுங்கள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்றதும் கால் போக வேண்டும்.’ பாடறவங்களுக்குப் பல்லவி ஒண்ணுல ஆரம்பிக்குது. ஆடறவங்களுக்கு அஞ்சுல ஆரம்பிக்குது. அழிச்சவங்க பாட்டை ஓடவிட்டு, காலால எண்ணி, அஞ்சு வந்ததும் பட்டனை அழுத்தியிருக்காங்க. காது ஆட மாட்டார். அவரை விட்டுடுங்க.”

“அப்ப ஆடறவங்க ரெண்டு பேர்தான்,” என்றார் மேலாளர் மெல்ல. எல்லாருடைய கண்ணும் மின்னல் பக்கம் போனது.

“அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா ரெண்டு மணிக்கு நான் எழுதின குறிப்பில ஒரு ஓட்டை இருக்கு. அஞ்சாவது ஆள் எப்ப வந்தாங்கன்னு தெரியலைன்னு எழுதியிருக்கேன். பத்தொன்பது வருஷத்துல அவங்க வந்தது எனக்குத் தெரியாம இருந்ததே இல்ல. வலது கையில ஒன்பது, இடது கையில ஏழு. ரசிகர்கள் கேட்டு நானே எண்ணிப் பதில் போட்டிருக்கேன். வாசல்ல கால் வைக்கும்போதே வளையல் கேட்கும். இன்னைக்குக் கேட்கல.”

இடி கைகளை மடியில் கவிழ்த்துக்கொண்டார். மணிக்கட்டுகளில் வளையல் அழுத்திய தடம் மட்டும் இருந்தது.

“பாட்டுக் கேட்க வர்றவங்க வளையலைக் கழட்ட மாட்டாங்க. பாட வர்றவங்கதான் கழட்டுவாங்க, வெந்நீர் குடிப்பாங்க. குரல் காணாமப் போனது நமக்கெல்லாம் ரெண்டு பத்துக்குத் தெரிஞ்சுது. இன்னைக்குப் பாட வேண்டியிருக்கும்னு இவங்களுக்கு ரெண்டு மணிக்கே தெரியும்.”

“பாடச் சொன்னப்ப முடியாதுன்னாங்களே,” என்றார் இசையமைப்பாளர்.

“அங்கதான் நானும் முட்டிக்கிட்டு நின்னேன். பாடத் தயாரா வந்தவங்க, பாடச் சொன்னா மறுக்கிறாங்க. ரெண்டும் உண்மையா இருக்கணும்னா ஒரே வழிதான். தனியாப் பாட அவங்க வரல.”

“ஆமா,” என்றார் இடி. “நான்தான்.”

காது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “என் வேலையே போயிருக்குமே மேடம்.”

“மன்னிச்சுக்கோப்பா. உன் தலையில விழும்னு நினைக்கல. சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். சொன்னா ஏன்னு கேட்பாங்க. அந்தக் காரணத்தை அவ முன்னாடி சொல்ல வெட்கமா இருந்துச்சு.” அவர் மின்னலைப் பார்க்காமலே பேசினார். “பாட்டுக் கெட்டா, ‘எதிர்ல அவ நின்னாத்தான் எனக்கு அந்த இடம் வரும், கூப்பிடுங்க’ன்னு தொழில் விஷயம் மாதிரி சொல்லிடலாம்னு கணக்குப் போட்டேன். இவர் பத்து நிமிஷம்னு சொன்னதும் எல்லாம் மறந்துபோச்சு. அவ பாடினதை அழிச்சிருந்தா அவளே வந்து பாட வேண்டியிருந்திருக்கும். ஆனா அதுல கை வைக்க மனசு வரல.”

“இவ்வளவு எதுக்கு?” என்றார் மின்னல். “தனியாப் பாடணும்னு கேட்டதே நீங்கதானே?”

“நானா? நீ கேட்டதாத்தானே எனக்குக் கடிதம் வந்துச்சு.”

தபால் சார் கோப்பைத் திறந்து இரண்டு நகல்களைச் சோபாவின் காலியிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே வரி: ‘உங்கள் துணைப் பாடகி தனியே பாட விரும்புகிறார்.’

“ரெண்டும் என் கையெழுத்து. ரெண்டு பேரும் அப்படித்தான் நினைக்கிறாங்கன்னு நம்பி எழுதினேன். கேட்டிருக்கணும். கேட்கல. அந்தத் தப்பு என்னுது.”

மேலாளர் இரண்டு போன்களையும் மேசையில் வைத்தார். “ஒரே அறையில விட்டா சண்டை வந்து பாட்டு நின்னுடும்னுதான்... நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்.”

“தெரியும் சார். நல்ல எண்ணத்துக்குத்தான் நகல் எடுத்து வெச்சிருக்கேன்.”

தபால் சார் மின்னல் பக்கம் திரும்பினார். “ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வளையல் சத்தம் கேட்கலைங்கிறதை நீங்க கவனிக்கலையா?”

“வந்தவுடனே கவனிச்சேன். பாட்டுல குரல் இல்லைன்னதும் ஓரளவு புரிஞ்சுபோச்சு. எதுக்குன்னுதான் புரியல.”

“ஏன் சொல்லல? காதுக்கு வேலை போகப் போகுதுன்னு...”

“நாலு மணி ஆனா நானே செஞ்சேன்னு சொல்றதா இருந்தேன்.”

இடி அப்போதுதான் தலையைத் திருப்பினார். “உனக்குப் பைத்தியமாடி வாலு?”

‘வாலு’ என்ற செல்லப் பெயரை அந்தக் கூடம் கேட்டு ஒன்பது வருஷமாகிறது. மின்னல் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

4.20.

பாடும் அறையில் இருவரும் ஒற்றை மைக்குக்கு எதிரெதிரே நின்றார்கள். சரணத்தின் அறுந்த வரியை இடி முதலில் பாடிச் சேர்த்தார். பிறகு காலால் தரையைத் தொட்டு, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு.

“வர்றியா?” என்று மின்னல் கேட்டார்.

இடிக்குப் பதில் வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இசையமைப்பாளர் கையை உயர்த்தினார். காது அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“இன்னொரு தடவை, அண்ணி,” என்றார் மின்னல். “நான் நிக்கிறேன். மெதுவா வாங்க.”

மூன்றாவது தடவை வந்தது. நேற்றுப் பாடியதை விட நன்றாக இருந்ததா என்று கேட்டால் சொல்ல முடியாது. நேற்றுப் பாடியது இப்போது இல்லை. நாலாவது ‘வந்துட்டேன்’ மட்டும் சற்றுப் பிசிறியது. அதை விட்டுவிடலாம் என்றார் இசையமைப்பாளர். அன்று முதல் தடவையாக அவர் உட்கார்ந்திருந்தார்.

5.20. காது இரண்டு பிரதி எடுத்தார். மேலாளர் மூன்றாவது பிரதியும் எடுக்கச் சொன்னார். 5.35க்குப் பாட்டு வெளியீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

5.40.

தபால் சார் கடிதத்தை எழுதி முடித்திருந்தார். இடம், தேதி. பொருள்: கடைசிப் பல்லவி மறுபதிவானது குறித்து. கீழே யார் எங்கே இருந்தார்கள், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, ஒன்றும் விடாமல். தன் பெயரில் இருந்த இரண்டு கடிதங்களைப் பற்றியும் எழுதியிருந்தார். மேலாளர் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

அதன் கீழே இடி எழுதினார்: ‘என் குரலை நானே அழித்தேன். ஒலிப்பதிவாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.’

மின்னல் பேனாவை வாங்கினார். கொஞ்ச நேரம் யோசித்து, அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘அண்ணி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழிப்பதற்கு நானும் கை கொடுத்திருப்பேன்.’

“இது தலைமை அலுவலகத்துக்குப் போற கடிதம்மா,” என்றார் தபால் சார்.

“தெரியும் சார். அப்படியே போகட்டும்.”

அவர் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டார். பசையைத் தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தினார். கூடத்துக்குள்ளே கைக்குட்டை முடிச்சு அவிழும் ஓசை. பிறகு ஒன்று, இரண்டு என்று வளையல்கள் கையேறும் சத்தம். “குடுங்க, நான் போட்டு விடறேன்,” என்று யாரோ சொன்னார்கள். தபால் சார் வெளியிலேயே நின்று எண்ணினார். வலது கையில் ஒன்பது. இடது கையில் ஏழு.

கணக்குச் சரியாக இருந்தது. ஆறு மணித் தபால் பைக்குள் உறையைப் போட்டார்.